அந்தக் கோலை அடித்தது யார்?

செவ்வாய்க்கிழமை காலை. நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. அந்த நேரத்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். ஜன்னலோரம் என்றால் கேட்கவே வேண்டாம். இன்றைக்கு நல்ல நாள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு வளைவு தாண்டி ஒரு பெண்மணி ஏறினார். ஐம்பது வயது இருக்கும். கத்தரிப்பூ நிறச் சேலை, மேலே கம்பளிச் சட்டை, கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

“பேப்பர்ல எழுதுறவுங்க நீங்கதானே?”

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை வருடம் காத்திருக்கிறேன் தெரியுமா? ஹட்டனில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் ‘கொப்பிக் கடைக்காரர்’. வாரா வாரம் இந்த மூலையில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் ஆள் நான்தான் என்று, இரண்டு மூன்று நண்பர்களைத் தவிர, ஒருவரும் கண்டுபிடித்தது கிடையாது. மேலே இருக்கும் என் படமும் அதற்கு ஒரு காரணம்... அது தலையில் முடி இருந்த காலத்தில் எடுத்தது.

“ஆமாங்க, நான்தான்” என்றேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

அவர் கைப்பையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்த பேப்பர் துண்டு. போன வாரம் நான் எழுதிய பத்தி! வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. கையெழுத்துக் கேட்பாரோ? பேனாவைத் தேடிச் சட்டைப் பைக்குள் கை போனது.

“அந்த கோல அடிச்சது எம் மகன் சார். நீங்க யூரியா அடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க.”

போன கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

போன வாரம் பத்தியைத் தவறவிட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாடு முழுவதுமுள்ள உதைபந்தாட்டக் கழகங்கள் மோதும் கிண்ணப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. யாருக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். தோற்றால் வீடு. எனக்கு லீக் போட்டியைவிடக் கிண்ணப் போட்டிதான் பிடிக்கும். லீக்கில் பெரிய டீம் பெரிய டீமோடு ஆடும், சின்ன டீம் சின்ன டீமோடு ஆடும். கிண்ணத்தில் மட்டும்தான் இரண்டு பேரும் ஒரே புல்லில் நிற்பார்கள். இந்த முறை எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து டீமுக்குச் சீட்டில் விழுந்தது கொழும்பின் பெரிய டீம் ஒன்று. அவர்கள் முதல் டிவிஷன். நாங்கள் மூன்றாவது. அவர்கள் ஏசி பஸ்ஸில் வந்தார்கள். தோட்டத்து ரோட்டின் கடைசி வளைவில் அந்த பஸ் திரும்ப மறுத்துவிட்டது. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே மேலே ஏறி வந்தார்கள்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் செல்லத்துரை. தோட்டத்தில் உரம் போடுகிற வேலை அவருக்கு. வேலை முடிந்ததும் மைதானத்துக்கு வந்துவிடுவார். புல் வெட்டுவது, கோல் கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பது, கோடு போடுவது எல்லாம் அவர்தான். கோடு போடுவதற்கென்று எங்கள் பக்கம் யாரும் சுண்ணாம்பு வாங்குவதில்லை. தேயிலைக்குப் போடும் டொலமைட் தூள் வெள்ளையாக இருக்கும். ஸ்டோரில் கேட்டால் அரை மூட்டை கொடுப்பார்கள். வேலை முடிந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் ஆறு பேர் ஆடும் டூர்னமென்ட் ஒன்று நடந்தது. பெரிய மைதானத்துக்கு நடுவில் சின்ன மைதானம் ஒன்றை அளந்து கோடு போட்டார் செல்லத்துரை. மூட்டையில் டொலமைட் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்ததோ யூரியா. தூளாக இல்லாமல் மணி மணியாக இருக்கிறதே என்று யோசித்திருக்கிறார். மழையில் கட்டி தட்டியிருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு போட்டுவிட்டார். அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு மழை பெய்தது. கோடு போட்ட இடமெல்லாம் முதலில் புல் கருகியது. அப்புறம் வளர்ந்தது பாருங்கள் – கரும்பச்சையில், தளதளவென்று! வெட்ட வெட்ட வந்தது.

ஆக, கிண்ணப் போட்டி அன்று மைதானத்தில் இரண்டு வகைக் கோடுகள். பெரிய மைதானத்துக்கு வெள்ளைக் கோடு. அதற்குள்ளே, பழைய டூர்னமென்டின் பச்சைக் கோடு. நடுவர் இரண்டு கெப்டன்களையும் கூப்பிட்டு, “சுது இர விதரயி” என்றார். சிங்களத்தில், வெள்ளைக் கோடு மட்டும்தான் கணக்கு என்று அர்த்தம். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கொழும்பு கோல்கீப்பரும் தூரத்திலிருந்து தலையாட்டினார்.

இரண்டாம் பாதியில் தூறல் பிடித்தது. வெள்ளைக் கோடு கரைந்து மங்கியது. பனியும் இறங்கத் தொடங்கியது. கொழும்பு கோல் பக்கம் உயரமாக ஒரு பந்து போனது. கீப்பர் முன்னால் ஓடி வந்தார். கீழே பார்த்தார். காலுக்கு முன்னால் பளிச்சென்று ஒரு கோடு. கீப்பர் கையால் தொடக்கூடிய பொக்ஸுக்குள்தான் நிற்கிறோம் என்று நினைத்துப் பந்தைப் பிடித்துவிட்டார். அது பச்சைக் கோடு. நிஜமான பொக்ஸ் அவருக்குப் பின்னால் ஐந்தாறு எட்டுத் தூரத்தில் முடிந்துவிட்டது. விசில். பிரீ கிக். கோல். ஒன்றுக்குப் பூச்சியம். அத்தோடு முடிந்தது ஆட்டம். முதல் டிவிஷன் டீம், நடந்து ஏறிய ரோட்டில் நடந்தே இறங்கியது.

இதைத்தான் போன வாரம் எழுதியிருந்தேன். ‘யூரியா போட்டால் கொழுந்துதான் வளரும் என்று நினைத்திருந்தேன், கோலும் வளர்கிறதே’ என்று எழுதினேன். ‘அடுத்த சுற்றில் யூரியாவையே கெப்டனாகப் போடலாம்’ என்றும் எழுதினேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். யூரியா மூட்டைக்கு ஜேர்சி போட்டு ஒருவர் படம்கூட வரைந்து அனுப்பியிருந்தார். எனக்குத் தாங்க முடியாத பெருமை.

இனி பஸ்ஸுக்கு வருவோம்.

பெண்மணியின் பெயர் பிலோமினா. கொழுந்து எடுக்கிற வேலை. மகன் ஜூட், தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறார். பிலோமினா அக்கா கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

“நான் மேட்ச் பாக்கல சார்” என்றார். “அன்னிக்கு ஏழாம் நம்பர் மலையில கைக்காசு வேலை.”

கொழுந்து நிறைய வரும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போனால் அன்றன்றைக்கே கையில் காசு கொடுப்பார்கள். அதுதான் கைக்காசு.

“ஏழாம் நம்பர் கிரவுண்டுக்கு நேர் மேலதானேங்க இருக்கு? அங்கேருந்து நல்லா தெரியுமே?”

“அதுக்குத்தான் கிரவுண்டு தெரியிற நிரையா கேட்டு வாங்குனேன். மொதல்ல நல்லாத்தான் தெரிஞ்சிச்சு. அப்புறம் பனி வந்து மூடிருச்சு. சத்தம் மட்டும் கேட்டுச்சு. எங்க ஆளுங்க கத்துற சத்தம். நாங்க எல்லாரும் கொழுந்து எடுக்கிறத நிப்பாட்டிட்டு, யாரு கோல், யாரு கோல்னு கேக்குறோம். கீழேருந்து யாரோ ஜூட்டுன்னு கத்துனாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“போன்ல எடுத்திருப்பாங்களே...”

“மூணு பேரு எடுத்திருந்தாங்க. மூணையும் பாத்துட்டேன் சார். மூணுலயும் வெள்ளையா இருக்கு. கத்துறது மட்டும் கேக்குது.”

“ஜூட் ஒண்ணும் சொல்லலையா?”

“அவன் என்னத்த சொல்லுவான்? அடிச்சேம்மா, போயிருச்சும்மாங்கிறான். சோத்தப் போடுங்கிறான்.”

பஸ் ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் பேப்பர் துண்டை மடியில் விரித்தார்.

“பேப்பர்ல வந்திருக்குன்னு சொன்னாங்க. கடையில போயி வாங்குனேன். மொத தடவ வேகமா வாசிச்சேன், எம் மகன் பேரு எங்க வருதுன்னு. ரெண்டாவது தடவ மெதுவா வாசிச்சேன். செல்லத்துரை அண்ணன் பேரு இருக்கு. யூரியா பேரு ஆறு எடத்துல இருக்கு. எம் மகன் பேரு இல்ல.”

நான் அந்தத் துண்டை எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ‘நம் வீரர் ஒருவர் பந்தை வலைக்குள் அனுப்ப’ என்று எழுதியிருக்கிறேன். ஒருவர்! தபால் பெட்டிக்குள் கடிதம் போட்ட மாதிரி எழுதியிருக்கிறேன்.

“சிரிப்பாத்தான் எழுதியிருக்கீங்க. நானும் சிரிச்சேன்” என்றார் பிலோமினா அக்கா. “ஆனா அந்தப் பந்து எப்படிப் போச்சுன்னு அதுல இல்லையே சார். நீங்க கோலுக்குப் பின்னாலதானே நின்னீங்களாம். வளைஞ்சு போச்சா? அவன் ஒரு வருசமா வளைச்சு அடிக்கத்தான் பழகுறான். செடி வெட்டுன கவ்வாத்து மலையிலேருந்து அடுப்புக்கு நான் மிலாறு குச்சி கொண்டாந்து வச்சா, அதையெல்லாம் சாக்குல அடைச்சு ஆள் மாதிரி வரிசையா நிப்பாட்டிருவான். அதுக்கு மேலால அடிக்கிறது. சாக்கு வாயெல்லாம் நான்தான் தச்சுக் குடுத்தேன். மிலாறு இல்லாம எத்தன நாள் அடுப்பு பத்தாம கெடந்திருக்கு. அதான் கேக்குறேன். வளைஞ்சுதானே போச்சு?”

வாசகர்களே, இந்த இடத்தில் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

நான் அந்தக் கோலைப் பார்க்கவில்லை.

கோலுக்குப் பின்னால்தான் நின்றேன், செல்லத்துரைக்குப் பக்கத்தில். கீப்பர் பச்சைக் கோட்டில் ஏமாந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இதை வைத்து எப்படிப் பத்தி எழுதலாம் என்று அப்போதே மனதுக்குள் வாக்கியம் ஓட ஆரம்பித்துவிட்டது. செல்லத்துரையின் தோளில் தட்டி, “உங்க யூரியா என்ன வேல பாத்திருக்கு பாத்தீங்களா” என்று சிரித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கத்திய பிறகுதான் திரும்பினேன். பந்து வலைக்குள் கிடந்தது.

“நல்லாப் போச்சுங்க” என்றேன் பிலோமினா அக்காவிடம். “பிரமாதமாப் போச்சு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கொழுந்தில் முற்றல் எது, இளசு எது என்று ஒரு பார்வையில் பிரித்து எடுக்கிற கண் அது. என் முகத்தையும் பிரித்துவிட்டது.

“பாக்கலையா சார்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் ஹட்டனுக்கு வந்துவிட்டது. பேப்பர் துண்டைத் திரும்பவும் உறைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“யாராச்சும் பாத்திருப்பாங்க. கேட்டு எழுதுங்க சார். ஞாயித்துக்கிழமை நான் பேப்பர் வாங்குறேன்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பதினோரு வருடத்தில் எனக்கு ஆசிரியர் கொடுத்த கெடு எதுவும் இவ்வளவு பயத்தைக் கொடுத்ததில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு நேரே ராஜேந்திரன் சலூனுக்குப் போனேன். முடி வெட்ட அல்ல. ஹட்டனில் உதைபந்தாட்டம் பேச வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ராஜேந்திரன் வெட்டிக்கொண்டே பேசுவார். பேச்சு சூடாகிவிட்டால் வெட்டுவது நின்றுவிடும். பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவரும் விவாதத்தில் கலந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அன்றைக்குப் பாதித் தலையோடு இருந்தவர் கணித ஆசிரியர் சேவியர் மாஸ்டர்.

பேச்சு ஏற்கனவே அதே மேட்சைப் பற்றித்தான். இந்தச் சுற்றில் வேறு இரண்டு பெரிய டீம்களும் சின்ன டீம்களிடம் தோற்றிருந்தன. எப்படி நடந்தது என்று இரண்டு பேரும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

“உயரம் சார்” என்றார் மாஸ்டர். “கொழும்புல ஓடுற நெஞ்சுக்கு இங்க மூச்சு பத்தாது. இது சயன்ஸ்.”

“அதெல்லாம் இல்லீங்க மாஸ்டர். அந்த பஸ் திரும்பாததுதான் காரணம். ஏத்தத்துல நடந்து வந்தே பாதி செத்துட்டானுங்க” என்றார் ராஜேந்திரன்.

“நம்ம கிரவுண்ட் சரிவு. பழகாதவனுக்கு பந்து எங்க உருளும்னு தெரியாது.”

“பனிய விட்டுட்டீங்களே.”

“எல்லாத்துக்கும் மேல யூரியா” என்று மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம சார்தான் எழுதிட்டாரே.”

நான் சிரிக்கவில்லை. “ஏன் மாஸ்டர், நம்ம பொடியனுங்க நல்லா ஆடுனாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் இன்னும் சொல்லவே இல்லையே” என்றேன்.

ராஜேந்திரனின் கத்தரிக்கோல் நின்றது. சேவியர் மாஸ்டர் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார்.

“அது... நல்லாத்தான் ஆடுனாங்க” என்றார்.

ராஜேந்திரன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “நீங்க கேட்டது சரிதான் சார். பேப்பர்லயும் அப்படித்தான் போடுறாங்க. ‘பலமான அணிக்கு அதிர்ச்சித் தோல்வி’ன்னு. தலைப்புலயே தோத்தவன் பேருதான் இருக்கு. ஜெயிச்சவன் யாருன்னு உள்ளுக்குப் போயி தேடணும்.”

யோசித்துப் பாருங்கள். பெரிய டீம் ஜெயித்தால் யாராவது காரணம் தேடுகிறோமா? திறமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சின்னவன் ஜெயித்தால்தான் நமக்குக் காரணம் வேண்டும். காற்று, மழை, சரிவு, பஸ், உரம் – ஜெயித்தவனின் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

இது மைதானத்தோடு நிற்கிற விஷயமா? தோட்டத்துப் பிள்ளை ஒன்று பரீட்சை எழுதிக் கெம்பஸுக்குத் தெரிவானால், ‘இந்த வருசம் பேப்பர் லேசு’ என்கிறோம். லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்திக்கு பேங்கில் வேலை கிடைத்தால், ‘யார் பிடிச்சுக் குடுத்தது’ என்கிறோம். வெளியாட்கள் சொன்னால்கூடப் போகட்டும் என்று விடலாம். நாமே சொல்கிறோம். நானும் லயத்தில் பிறந்தவன்தான். கொழும்புப் பத்திரிகைக்காரர்கள் தங்கள் டீம் பனியால்தான் தோற்றது என்று எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. அதே வாரம் நான் உட்கார்ந்து யூரியாவால் ஜெயித்தோம் என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

சரி, கோலுக்கு வருவோம். இரண்டு பேரிடமும் விசாரித்தேன்.

ராஜேந்திரன் நடுக்கோட்டுக்குப் பக்கத்து மேட்டில் நின்றிருக்கிறார். “பந்த வச்சது ஜூட்தான். ஜேர்சியால துடைச்சு வச்சான். கெப்டனும் பக்கத்துல நின்னான். கெப்டன்தான் அடிக்கப் போறான்னு எல்லாரும் நெனச்சோம். அவன் ஓடி வந்து பந்த தாண்டிப் போயிட்டான், அடிக்கல. அப்புறம் ஜூட் ரெண்டு எட்டு எடுத்து வச்சான். அதுக்குள்ள பனி வந்து மறைச்சிருச்சு சார். காலத் தூக்குனதோட சரி.”

சேவியர் மாஸ்டர் கொழும்பு டீமின் பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர். “சுவர் மாதிரி அஞ்சு பேரு நின்னாங்க. எல்லாம் பனைமரம். அஞ்சு பேரும் எகிறுனத பாத்தேன். பந்து அவங்களுக்கு மேலால போயிருச்சு. அப்புறம் டங்குன்னு ஒரு சத்தம். கம்பத்துல பட்டுருச்சு, போச்சுன்னு நெனச்சேன். நான் போச்சுன்னு சொல்லி முடிக்கல, கத்துறாங்க.”

காலைத் தூக்கியது கிடைத்துவிட்டது. ‘டங்’ கிடைத்துவிட்டது. நடுவில் பந்து என்ன செய்தது? அதைப் பார்த்தவர் யார்?

வியாழக்கிழமை பின்னேரம் ஓட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். லயத்துப் பக்கம் விசாரித்தபோது, “யூரியா அண்ணன் கிரவுண்டுல இருக்காரு” என்றார்கள். மனசு சுருக்கென்றது. ஒரு மனுஷனுக்குப் பட்டப்பெயரும் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

செல்லத்துரை கோல் கம்பத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்க சார். மூட்டைய பிரிச்சப்பவே பாத்திருக்கணும். பாக்காம போட்டது என் தப்புதான். அதுக்கு சிரிச்சா சிரிக்கட்டும்” என்றார். பெயின்ட் பிரஷ்ஷை டின் மேல் வைத்தார். “ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீங்க என் தோள்ல தட்டி சிரிச்சீங்கள்ல? சரியா அப்பதான் பந்து வந்துச்சு.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் வேற எங்க சார் பாப்பேன்? என் கோட்டுனால அந்தக் கீப்பர் ஏமாந்துட்டானேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்திச்சு. இந்தப் பந்து மட்டும் சும்மா உருண்டு போயி கோலாயிட்டா, காலம் பூரா என் தலையிலதான் விடியும். நல்ல அடியா இருக்கணும் மாதாவேன்னு வேண்டிக்கிட்டு கண்ண எடுக்காம பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பிறகு பார்த்ததை எல்லாம் சொன்னார். கையால் காற்றில் வளைத்துக் காட்டினார். ஒரு தடவை அல்ல, நான் கேட்கக் கேட்க மூன்று தடவை. மூன்று தடவையும் கை ஒரே மாதிரித்தான் வளைந்தது. கடைசியில் என்னைக் கம்பத்துக்குக் கிட்டே கூட்டிப்போனார். கம்பம் முழுக்கப் புது வெள்ளைப் பெயின்ட். மேலே, குறுக்குக் கம்பமும் நேர்க் கம்பமும் சேரும் மூலையில் மட்டும் உள்பக்கமாக ஒரு மண் தடம், அரை வட்டமாக.

“பெயின்ட் அடிக்கையில இந்த எடத்த மட்டும் விட்டுட்டேன்” என்றார். “கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்.”

நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது ஜூட் வந்தார். பின்னேர ஷிப்டுக்கு பெக்டரிக்குப் போகிற வழி. இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, கூச்சமான ஆள். அம்மாவின் கண்.

“எப்படிப்பா அடிச்சே?” என்றேன்.

“அடிச்சேன் சார். போயிருச்சு” என்றார். பிலோமினா அக்கா சொன்னது சத்தியம்.

கொஞ்சம் தயங்கினார். “சார், அம்மா உங்கள பஸ்ஸுல பாத்து பேசுனதா சொன்னாங்க. நீங்க எழுதுங்க, வேணாங்கல. ஆனா எந்தக் கால்ல அடிச்சேன், எந்தப் பக்கம் வளைச்சேன்னு எல்லாம் எழுத வேணாம் சார். அடுத்த ரவுண்ட் கொழும்புல. அந்த டீம் ஆளுங்க வாசிச்சிட்டாங்கன்னா...”

பெரிய சங்கடம். அம்மாவுக்கு விவரம் வேண்டும். மகனுக்கு விவரம் வேண்டாம். நான் செல்லத்துரையைப் பார்த்தேன்.

“வாசிக்கட்டும்” என்றார் செல்லத்துரை, பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு. “தெரிஞ்சிட்டா மட்டும் புடிச்சிருவாங்களா?”

ஜூட் குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே, பிலோமினா அக்கா... கேட்டு எழுதச் சொன்னீர்கள். கேட்டு எழுதுகிறேன்.

உங்கள் மகன் ஜூட் பந்தை ஈரப் புல்லில் வைப்பதற்கு முன்னால் தன் ஜேர்சியால் துடைத்தார். பின்னால் இரண்டு எட்டு நடந்து வந்து நின்றார். கெப்டன் ஓடி வந்து, அடிப்பதுபோல் காலை வீசிவிட்டுப் பந்தைத் தாண்டிப் போனார். சுவராக நின்ற ஐந்து பேரும் அவரைப் பார்த்தே எகிறிவிட்டார்கள். ஜூட் அவசரப்படவில்லை. அவர்கள் காலைத் தரையில் ஊன்றும் நேரத்துக்கு இரண்டு எட்டு வைத்து, அடித்தார். பந்து அவர்கள் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், கோலின் இடது பக்கமாகக் கிளம்பியது. கீப்பரும் அந்தப் பக்கமே இரண்டு எட்டு எடுத்து வைத்தார். சுவரைத் தாண்டியதும் பந்து பனிக்குள் போய் மறைந்தது. திரும்ப வெளியே வந்தபோது அது வலது பக்கம் இருந்தது. ஆம், வளைந்துதான் வந்தது. நீங்கள் தைத்த சாக்குகளுக்கு மேலால் ஒரு வருடமாக எப்படி வளைந்ததோ, அப்படியே. கீப்பர் திரும்பிப் பாய்ந்தார், விரல்கூடப் படவில்லை. வலது மேல் மூலையில் கம்பத்தின் உள்பக்கம் டங்கென்று பட்டு, வலைக்குள் இறங்கியது. சும்மா உருண்டு போகவில்லை. யார் கொடுத்தும் போகவில்லை. கொழும்பு கீப்பர் எழுந்து, பந்தை வலையிலிருந்து எடுத்து, ஒருமுறை ஜூட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உதைத்து அனுப்பினாராம்.

கோடு தவறியது கீப்பர். பிரீ கிக் கொடுத்தது நடுவர். அதுவரைக்கும் வேண்டுமானால் செல்லத்துரையின் மூட்டைக்குப் பங்கு இருக்கலாம். அதற்கு அப்புறம் நடந்ததற்கு ஒரே ஒரு பெயர்தான் போட முடியும், அந்தப் பெயரை நான் போன வாரமே போட்டிருக்க வேண்டும்.

அடித்தது இடது காலால். எனக்குத் தெரிந்து யூரியாவுக்கு இடது கால் கிடையாது.